செஞ்சேனைச் சிப்பாய் மலிவுச் சரக்கா?

ஆடுபுலி ஆட்டம் அறியாத தமிழன் உண்டா? திண்ணையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து, மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் பாட்டனும் பேரனும் மல்லுக்கு நின்ற ஆட்டம் அது. புலிக்குப் பலம் அதிகம். ஆட்டுக்கு எண்ணிக்கை அதிகம். இரண்டும் சரிக்குச் சரி நின்றால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். அந்தச் சமன்பாட்டைக் கண்டுபிடித்த நம் முன்னோரின் மூளைக்கு எத்தனை பாராட்டுச் சொன்னாலும் தகும்.

அந்த ஆட்டுக்கு ஒரு நாட்டின் பெயரைச் சூட்டி, அந்தப் புலிக்கு இன்னொரு நாட்டின் பெயரைச் சூட்டி, "இதுதான் சரித்திரம்" என்று விற்றால் என்ன ஆகும்? அதைத்தான் இன்றைய யுத்த விளையாட்டுக் கம்பெனிகள் செய்கின்றன.

காடாம்புலியூரில் முந்திரித் தோப்பில் பாடுபடும் குடும்பத்துப் பிள்ளையின் கையிலும் இன்று செல்பேசி இருக்கிறது. பண்ருட்டியிலும் கடலூரிலும் கம்ப்யூட்டர் இல்லாத தெரு இல்லை. வரைபடத்தில் ஸ்டாலின்கிராடைத் தொட்டுக் காட்டத் தெரியாத பிள்ளை, திரையில் ஸ்டாலின்கிராடுப் படையை நடத்துகிறான். ஆடட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் அவன் ஆடும்போது எதைக் கற்கிறான் என்று கேட்பது நம் கடமை அல்லவா?

2013 ஜூன் மாதத்தில் 'கம்பெனி ஆப் ஹீரோஸ் 2' என்ற ஆட்டம் வெளிவந்தது. ஆக்கியவர்கள் கனடா நாட்டு ரெலிக் கம்பெனியார். வெளியிட்டவர்கள் ஜப்பானிய சேகா கம்பெனியார். அதில் செஞ்சேனையின் அடிப்படைக் காலாட்படைக்குப் பெயர் 'கட்டாயச் சேர்ப்பு வீரர்'. ஒரு குழுவில் ஆறு பேர். எதிரில் நிற்கும் ஜெர்மானியக் குழுவில் நால்வர். அந்த நால்வர் தேர்ந்த வீரர். இந்த அறுவர் கூட்டம் சேர்க்க வந்தவர். கதைப் பகுதியிலோ, பின்வாங்கும் சிப்பாயைச் சொந்த அதிகாரியே சுட்டுத் தள்ளுகிறான். ரஷ்யாவில் கண்டனம் கிளம்பிற்று, பல்லாயிரவர் கையெழுத்திட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், அங்கே அதை விற்று வந்த கம்பெனி விற்பனையை நிறுத்திக் கொண்டது.

விற்பனையை நிறுத்துவதால் பொய் சாகாது. உண்மையை எடுத்துரைத்தால்தான் சாகும். ஆகவே உண்மையைப் பார்ப்போம்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். 1942 ஜூலை 28-ல் ஸ்டாலின் பிறப்பித்த 227-ம் எண் உத்தரவு கட்டுக்கதை அல்ல. "ஓரடி கூடப் பின்வாங்காதே" என்றது அந்த உத்தரவு. தண்டனைப் படைகள் அமைந்தன. பின்னணியில் தடுப்புப் படைகள் நின்றன. சுடப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கொடுமையை மூடி மறைப்பது செஞ்சேனைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே! அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அக்டோபர் 15 வரை தடுப்புப் படைகள் பிடித்தவர் 1,40,755 பேர் என்கிறது சோவியத் ஆவணம். அவர்களில் சுடப்பட்டவர் 1,189 பேர். படைக்கே திருப்பி அனுப்பப்பட்டவர் 1,31,094 பேர். 1,189 உயிர் அற்பமா? இல்லை, ஒவ்வொன்றும் ஒரு தாயின் பிள்ளை. ஆயினும் பிடிபட்டவரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவருக்கு நேர்ந்த கதியைப் படை முழுவதற்கும் அடையாளமாக்குவது என்ன நியாயம்? யுத்த காலம் முழுவதும் செஞ்சேனையில் பணியாற்றியவர் ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் பேர். தண்டனைப் படைகளில் இருந்தவர் சுமார் 4 லட்சத்து 28 ஆயிரம் பேர்; நூற்றுக்கு ஒன்றேகால் பேர்.

'கட்டாயச் சேர்ப்பு' என்பதை ஓர் இழிபெயராகவே சூட்டியிருக்கிறார்கள். எதிரில் நின்ற ஜெர்மானியன் மட்டும் விருப்பப்பட்டு வந்தவனா? 1935-லேயே கட்டாயப் படைச்சேர்ப்பைச் சட்டமாக்கியவன் ஹிட்லர். இருவருமே சட்டத்தால் அழைக்கப்பட்டவர்கள்தான். ஒருவனுக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்?

"திறமை இல்லை, தலை எண்ணிக்கைதான்" என்கிறார்கள். ஸ்டாலின்கிராடில் சுய்கோவின் 62-வது சேனை என்ன செய்தது? சிறு சிறு தாக்குதல் குழுக்களாகப் பிரிந்தது. கைக்குண்டும் குறுந்துப்பாக்கியும் மண்வெட்டியும் ஏந்தி வீடு வீடாக, அறை அறையாகப் போரிட்டது. எதிரியின் விமானம் குண்டு போட முடியாதபடி எதிரியை ஒட்டியே நின்றது. இது ஆட்டு மந்தையின் வேலையா? 1943 பிப்ரவரி 2-ல் அந்நகரில் ஜெர்மானியரின் கடைசிப் படையும் ஆயுதத்தைக் கீழே வைத்தது. 1944 ஜூன் 22-ல் தொடங்கிய பக்ராத்தியோன் தாக்குதலில், எங்கே அடி விழும் என்றே எதிரி அறியாதபடி படைகளை மறைத்து நகர்த்தி, ஜெர்மனியின் மத்திய சேனைத் தொகுதியையே நொறுக்கினார்கள். தலை எண்ணிக்கைக்கு இந்தத் தந்திரம் தெரியுமா?

செஞ்சேனை இழந்தது அதிகம், உண்மை. படையினர் மட்டும் 86 லட்சத்துக்கு மேல்; பொதுமக்களையும் சேர்த்தால் 2 கோடியே 70 லட்சம். அதற்கு 1941-ன் ஆயத்தக் குறைவும் தலைமையின் தவறுகளும் காரணம். நாஜிகளின் கொலைவெறியும் காரணம். அவர்கள் கையில் சிக்கிய சோவியத் கைதிகள் சுமார் 57 லட்சம். பட்டினியாலும் குளிராலும் துப்பாக்கியாலும் அவர்களில் மடிந்தவர் சுமார் 33 லட்சம் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். கைதியைப் பட்டினி போட்டுக் கொன்றவனுக்குத் 'தேர்ந்த வீரன்' பட்டம். செத்தவனுக்கு 'மலிவுச் சரக்கு' பட்டமா?

இந்தச் சித்திரத்தைத் தீட்டியது யார்? தோற்றுப்போன ஜெர்மானியத் தளபதிகள். யுத்தம் முடிந்ததும் ஹால்டர் தலைமையில் அமர்ந்து அமெரிக்க ராணுவத்துக்காக ஏடு ஏடாக எழுதினார்கள். மான்ஸ்டைனும் குடேரியனும் சுயசரிதை எழுதினார்கள். "எங்கள் திறமை தோற்கவில்லை, அவர்கள் கூட்டம் வென்றது" என்பதே அவர்கள் பாடிய பல்லவி. அந்தப் பல்லவி சினிமாவுக்கு வந்து, இப்போது விளையாட்டின் அட்டவணையிலும் ஏறிவிட்டது.

"ரஷ்யனுக்காக நாம் ஏன் மாரடிக்க வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. நமக்கும் ஒரு காலத்தில் இப்படி ஓர் அட்டவணை போட்டார்களே, மறந்துவிட்டதா? கம்பெனிப் படையைக் கட்டிய ஸ்டிரிங்கர் லாரன்ஸ் 1748-ல் வந்து இறங்கிய இடம் நம் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டை. அவன் வழியில் எழுந்த சென்னைக் காலாட்படையின் தோளில் ஏறித்தான் ஆங்கிலேயன் தென்னாட்டைப் பிடித்தான். பிடித்த பிறகு என்ன சொன்னான்? "வீர இனம், வீரமற்ற இனம்" என்று பட்டியல் போட்டான். தென்னாட்டான் போருக்கு லாயக்கற்றவன் என்றார் படைத்தலைவர் ராபர்ட்ஸ். படிப்படியாகக் குறைத்து, 1920-களில் சென்னைக் காலாட்படையையே கலைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டதும் அதே படையை மீண்டும் எழுப்பினார்கள். பர்மாப் போர்முனைக்கும் அனுப்பினார்கள். அட்டவணையில்தான் நாம் குறைந்தவர்கள், களத்தில் அல்ல! அந்தக் காயம் பட்டவனுக்கு அடுத்தவன் காயம் புரிய வேண்டாமா?

அந்த யுத்தத்தில் இந்தியச் சிப்பாய்கள் 25 லட்சம் பேர். ஈரான் வழியாகச் சோவியத் நாட்டுக்குத் தளவாடம் கொண்டு சென்ற பணிக்காக, சுபேதார் நாராயண ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங் ஆகிய இருவருக்கு 1944-ல் செந்நட்சத்திர விருது கிடைத்தது. எந்த ஆட்டத்தில் இவர்களைக் காண்கிறோம்?

காடாம்புலியூருக்கு நெய்வேலி அதிக தூரமில்லை. அங்கே சோவியத் உதவியுடன் எழுந்த முதல் அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-ல் ஓய்வு பெற்றது. அதைக் கட்ட வந்த ரஷ்யர்களை நம் ஊர்ப் பெரியவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். யுத்தம் முடிந்து பதினேழே ஆண்டு. வந்தவர்களில் நாற்பதை எட்டியவர்கள் யுத்த காலத்து வாலிபர்கள். அந்தத் தலைமுறையைத்தான் திரையில் மலிவு விலைக்குக் கூவி விற்கிறார்கள்.

ஆட்டத்தில் சமநிலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உண்மையிலிருந்தே சமநிலை காணுங்கள் என்கிறோம். 1941-ன் சிப்பாய் வேறு, 1944-ன் சிப்பாய் வேறு. ஆண்டுக்கு ஏற்ப அவன் தேர்ச்சி உயரட்டும். பீரங்கி, தாக்குதல் குழு, மறைந்து நகரும் தந்திரம் ஆகியவை அவன் பலமாக நிற்கட்டும். 227-ம் உத்தரவும் இருக்கட்டும். அதன் அளவோடு இருக்கட்டும். ஜெர்மானியப் படை செய்த கொலைகளும் மறைக்கப்படாமல் இருக்கட்டும்.

பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளையின் கையிலிருந்து ஆட்டத்தைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, "இந்தக் கணக்கை யார் எழுதியது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால், எந்த அட்டவணையும் அவனை ஏமாற்ற முடியாது.