இலச்சினை எதனை உணர்த்தவேண்டும்?

ஒரு நிறுவனத்தின் இலச்சினை, அந்நிறுவனம் செய்யும் தொழில் யாதென்பதைப் பார்த்த மாத்திரத்தே உணர்த்துவதாய் அமைதல் வேண்டும் என்னும் கருத்து நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்த இளைஞர் சிலர் கூடிச் சிறியதொரு வடிவமைப்பு நிலையத்தைத் தொடங்குகின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் தமக்கென வரையும் இலச்சினையில் தூரிகை இருக்கும், பென்சில் இருக்கும், கணினித் திரை இருக்கும், வானவில்லின் ஏழு நிறங்களும் இருக்கும், ஊர்ப்பற்றுக்குச் சான்றாகப் பனைமரம் ஒன்றும் ஓரத்தில் நிற்கும். இத்தகைய இலச்சினை பிழையானது என்பதே எமது வாதம். இலச்சினையின் பணி யாதென்பதையே அது தவறாக விளங்கிக்கொண்டுள்ளது.

இலச்சினையின் பணி அடையாளங் காட்டுதல், விளக்கங் கூறுதலன்று. சோழரின் புலி அவர்தம் ஆட்சிமுறையை விளக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் நந்தியின் உருவும் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் பொறிக்கப்பட்டன. அச்சிறு பரப்பில் அவ்விரண்டுமே காசு யாருடையது என்பதைக் காட்டப் போதியனவாயின. பிரித்தானியாவில் வணிகக் குறிகளைப் பதியும் முறை 1876ஆம் ஆண்டு தொடங்கியபோது முதலாவதாகப் பதியப்பெற்றது, பாஸ் என்னும் மதுவடிசாலையின் சிவப்பு முக்கோணமாகும். முக்கோணத்துக்கும் மதுவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும், பிரெஞ்சு ஓவியர் மனே 1882இல் தீட்டிய மதுச்சாலை ஓவியத்திலே அப்போத்தலை நாம் இன்றும் இனங்காண்பது அம்முக்கோணத்தினாலேயாம்.

“இவையெல்லாம் அரசுகளும் பெருநிறுவனங்களும் செய்யக்கூடியவை. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு நிறுவனம் தன் தொழிலை இலச்சினையிலேயே சொல்லாது வேறெங்கே சொல்வது?” என்று வினவுவோர் உளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் இதற்கான விடை எளிது. தொழிலைச் சொல்வதற்குப் பெயரும் அதன் கீழ் ஒரு வரியும் உள்ளன. சொற்கள் செய்யும் வேலையைப் படத்தின்மேல் சுமத்தும்போது படம் தன் வேலையைச் செய்யாதொழிகிறது.

அப்பிள் நிறுவனமும் 1976இல் மிகச் சிறியதே. அதன் முதலாவது இலச்சினையை வரைந்தவர் பங்காளிகளுள் ஒருவரான றொனால்ட் வெயின். மரத்தின் கீழ் நியூற்றன் அமர்ந்திருக்க, தலைக்குமேல் அப்பிள் தொங்க, சட்டத்தைச் சுற்றி எழுத்துகள் ஓடும் நுண்ணிய கோட்டோவியம் அது. சிறிதாக்கினால் அதில் எதுவும் தெளிவுறாது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 1977இல் றொப் ஜனொவ் கடிபட்ட அப்பிளை மட்டும் வரைந்தார். அக்கடிதானும் தத்துவம் எதையும் கூறுவதற்கன்று. சிறிய அளவில் அப்பழம் செறிப்பழமாய்த் தோன்றாதிருத்தற்கே. கணினி விற்கும் நிறுவனத்தின் இலச்சினையிலே கணினி இல்லை. அதனால் விற்பனை குறைந்ததா?

நல்ல இலச்சினைக்குப் பெரும்பொருள் வேண்டும் என்பதும் பொருந்தாது. நைக்கி நிறுவனத்தின் வளைகோட்டை 1971இல் வரைந்த கரொலின் டேவிட்சன் அப்போது ஒரு மாணவி. அவர் பெற்ற கூலி 35 டொலர். ஆகவே வேண்டுவது சில கண்டிப்பான சோதனைகளே. இலச்சினையை முதலிற் கறுப்பு மையால் மட்டும் வரைந்து பார்க்க வேண்டும். நிறத்தின் துணையின்றி நிற்காத வடிவம் நிறத்தோடும் நில்லாது. இறப்பர் முத்திரையிலும், பற்றுச்சீட்டின் மூலையிலும், கைத்தொலைபேசித் திரையிலும் அது தெளிவாய்த் தெரிதல் வேண்டும். ஒருமுறை கண்டவர் மறுநாள் நினைவிலிருந்து ஏறத்தாழ வரையக்கூடியதாயும் இருத்தல் வேண்டும்.

தமிழர் நடத்தும் வடிவமைப்பு நிலையங்கள் பற்றி ஈண்டு ஒன்று கூறாதிருக்க முடியாது. இவற்றுட் பல, பெயரின் ஆங்கில முதலெழுத்துகளையே இலச்சினையாக்கி, தமிழ்ப் பெயரை அடியிற் சிறிதாய் இட்டுவிடுகின்றன. தமிழெழுத்து இலச்சினைக்கு இசையாது என்பர். தமிழிற் பேரெழுத்துகள் இல்லை என்பதும், கொம்பும் காலும் எழுத்தை இருபுறமும் விரிக்கும் என்பதும், ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் மை அடைத்துக்கொள்ளும் என்பதும் உண்மையே. ஆயின் இவை வடிவமைப்பாளன் தீர்க்கவேண்டிய சிக்கல்கள். தன் மொழியின் எழுத்தை ஒழுங்குசெய்ய இயலாதவன் வாடிக்கையாளரின் பெயர்ப்பலகையை எங்ஙனம் ஒழுங்குசெய்வான்? ‘சேது’க் காசை வார்த்தவர்கள் அச்சிக்கலைக் கண்டு அஞ்சவில்லை.

இன்னுஞ் சிலர், இணையத்தில் ஆயத்தமாய்க் கிடைக்கும் வடிவத்தை வாங்கியோ, இயந்திரத்தைக் கொண்டு நொடிப்பொழுதில் ஆக்கியோ தம் பெயரைப் பொருத்திவிடுகின்றனர். பலசரக்குக் கடைக்காரர் அவ்வாறு செய்தால் குறைகூறோம். வடிவமைப்பையே விற்பவர் அதைச் செய்யலாகாது. அவ்வடிவம் வேறு பத்துக் கடைகளிலும் தொங்கக்கூடுமாதலின் அடையாளங் காட்டும் பணி அங்கேயே தோற்றுவிடுகிறது. அன்றியும், வடிவமைப்பு நிலையத்திற்கு அதன் இலச்சினையே முதலாவது மாதிரிச் சரக்கு. வாசலிலே இரவற் சரக்கைத் தொங்கவிட்டவரிடம் உள்ளே இருப்பதை நம்பிப் பணங்கொடுப்பவர் எத்தனை பேர் என்பதை, இத்துறையில் இறங்க எண்ணியிருக்கும் நம் மாணவ நண்பர்கள் சிந்தித்தல் வேண்டும்.