ஒரு விளக்கில் இருவர் படிக்கலாம்

பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் மதிப்பெண் பட்டியலில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஒரு சிறிய கட்டம் விடப்பட்டிருக்கும். அந்தக் கட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் ஓர் ஊரின் கதையே தெரிந்துவிடும். சிலவற்றில் சுழித்து எழுதிய அழகான ஒப்பம். சிலவற்றில் புள்ளி வைத்துக் கோலமிட்டதுபோல் ஒவ்வோர் எழுத்தாக வரையப்பட்ட பெயர். சிலவற்றில் நீல மையில் பெருவிரல் ரேகை. இன்னும் சிலவற்றில் அம்மாவின் பெயர் அக்காளின் கையெழுத்தில் இருக்கும். ரேகை பதிந்த பட்டியலைக் கொண்டுவரும் மாணவி அதை மடித்துத்தான் ஆசிரியையின் மேசைமீது வைப்பாள். ஏன் மடிக்கிறாள் என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

எழுத்தறிவு என்றதும் நாம் இரண்டு தனித்தனிப் பெட்டிகளைத் திறக்கிறோம். குழந்தைக்குப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு முதியோர் கல்வி. இரண்டுக்கும் வேறு வேறு நூல்கள், வேறு வேறு நேரம், வேறு வேறு அலுவலர்கள். ஆனால் வீட்டுக்குள் இந்தப் பிரிவினை ஏது? அங்கே ஒரே விளக்கு, ஒரே பாய். மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்; தாய் அவள் பக்கத்தில் கீரை ஆய்கிறாள். அந்தத் தாயையும் அந்த விளக்கின் வட்டத்துக்குள் அழைப்பதற்குப் பெயர்தான் குடும்ப எழுத்தறிவு. பெற்றோரையும் தெருவாரையும் சேர்த்துக்கொள்ளாமல் பள்ளி தனியே நடத்தும் எழுத்தறிவுப் பணி பாதிக் கிணறுதான் தாண்டும் என்பது நம் கருத்து.

நிலைமை என்ன? 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100க்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஆண்களில் ஏறத்தாழ 87 பேர், பெண்களில் 73 பேர் என்று வருகிறது. விடுபட்ட அந்தப் பெண்கள் யார்? பெரும்பாலும் நம் பாட்டிமார். நம்மிற் பலருடைய அன்னையர். அவர்கள் படிக்க விரும்பாதவர்கள் அல்லர். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ளவும், தண்ணீர் எடுக்கவும், தீப்பெட்டி ஒட்டவும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள்.

“இப்போதுதான் கைப்பேசி இருக்கிறதே, அதுவே பேசுகிறது, அதுவே படித்துக் காட்டுகிறது, இனி எழுத்து எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தியைப் படிக்கத் தெரியாத தாய் கைப்பேசியை மகளிடமே கொடுக்கிறாள். தன்னைப் பற்றிய புகாரைத் தானே தாய்க்குப் படித்துக் காட்டும் வாய்ப்பு அந்த மகளுக்குக் கிடைக்கிறது! அவள் எதைப் படிப்பாள், எதை விடுவாள் என்று சொல்ல வேண்டுமா? இது சிரிப்புக்கு. சிரிக்க முடியாத இடங்களும் உள்ளன. கடன் பத்திரம், மருந்துச் சீட்டு, நிலப் பட்டா. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் எத்தனையோ பெண்களை வங்கியின் வாசற்படி ஏறச் செய்தன. அது பெரிய காரியம். ஆனால் தான் ஒப்பமிட்ட தாளில் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று தானே படித்துப் பார்க்க முடியாத பெண், வேறொருவர் சொல்லும் சொல்லை நம்பித்தான் வீடு திரும்புகிறாள். பெயரை மட்டும் எழுதக் கற்பிப்பது எழுத்தறிவு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. (இதில் ஒரு வேடிக்கை: ஆதார் வந்த பிறகு பட்டதாரிகளும் வரிசையில் நின்று விரல் ரேகை வைக்கிறார்கள். கைநாட்டு என்று எவரையும் ஏளனம் செய்ய இனி யாருக்கும் உரிமை இல்லை.)

ஊர் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை போதும். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கப்பட்டது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பின்பற்றிப் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும், பள்ளி ஆசிரியர்களும் முன்னின்றார்கள். ஆனால் இரவு நேரத்தில் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் இளைஞர்களும் இளம்பெண்களுமே. ஊதியம் இல்லை. கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பாட்டும் நாடகமுமாக மக்களை அழைத்தன. மூன்று பாட நூல்கள். மொத்தம் 200 மணி நேரப் படிப்பு என்பது அந்நாளைய திட்டம்.

அந்த இயக்கத்தை இன்றும் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது பாட நூல்களுக்காக அன்று, சைக்கிளுக்காக. கற்க வந்த பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுத் தந்தார்கள். கல்குவாரியில் கல் உடைத்தவர்களும், வயலில் நாற்று நட்டவர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும் கேலிப் பேச்சைத் தாண்டி ஆயிரமாயிரமாகச் சைக்கிள் ஏறினார்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அன்று சிலர் கேட்டார்களாம். பேருந்துக்காகவும், கணவனுக்காகவும், அண்ணனுக்காகவும் காத்து நிற்க வேண்டாம் என்ற உணர்வு ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டால், பலகையில் எழுதியதைப் படிக்க வேண்டும் என்ற ஆசை தானாக வரும் என்பதே அதற்கு விடை. 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இத்தகைய இயக்கங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பின்கதை உண்டு. விழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு, புதிதாகக் கற்றவர் கையில் படிக்க ஒன்றும் இல்லாமல் போனால், கற்ற எழுத்து மெல்லக் கரைந்துவிடுகிறது. பெரியவர்கள் படிக்கும்படியான எளிய நூல்கள் சிற்றூர்களில் எங்கே கிடைக்கின்றன? இந்த இடத்தில்தான் குடும்பம் வேண்டும் என்கிறோம். பள்ளி செல்லும் பிள்ளை இருக்கும் வீட்டில் எழுத்து நாள்தோறும் உள்ளே வருகிறது. பாடநூல் வருகிறது, நூலகப் புத்தகம் வருகிறது, சுற்றறிக்கை வருகிறது. அவற்றைத் தாயும் தொட்டுப் படிக்கும்படி செய்துவிட்டால், கற்றது கரைய வழி இல்லை.

சுற்றறிக்கை என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெற்றோருக்கு எழுதும் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அது பெருமைக்காகவா, பழக்கத்துக்காகவா தெரியவில்லை. தமிழே தட்டுத் தடுமாறிப் படிக்கும் ஒரு தாய்க்கு அந்தத் தாள் என்ன சொல்லும்? “இது உனக்கு உரிய இடம் அன்று” என்பதைத்தான் சொல்லும். பெரிய எழுத்தில், சிறிய வாக்கியங்களில், தமிழில் நான்கு வரி எழுதினால் அதுவே அவளுக்கு ஒரு பாடம் ஆகுமே!

நேரமும் அப்படித்தான். உப்பளத்து வேலைக்குப் போகும் தாய் வெயில் ஏறுமுன் வேலை பார்க்க வேண்டுமென்று விடியுமுன்னே எழுந்து போகிறாள். மீன் கூடை சுமப்பவள் படகு வந்து சேரும் நேரத்தில் கரையில் நிற்க வேண்டும். இவர்களை வேலை நாளில் காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, “வரவில்லை, அக்கறை இல்லை” என்று குறிப்பேட்டில் எழுதுவது நியாயமா? ஒரு நாள் கூலியை விட்டுத்தான் அவள் வர வேண்டும். அந்தக் கூலியில்தான் அன்றைய அரிசி. ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூட்டம் வைத்தால் வருகை எப்படி இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகு அக்கறையை அளக்கலாம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் நாற்காலி போட்டுவிட்டது. அந்த நாற்காலியில் அமரும் தாய்க்குத் தீர்மானப் புத்தகத்தைப் படிக்கும் திறனையும் தர வேண்டாமா?

தெருவுக்கே வகுப்பு போனால் என்ன ஆகும் என்பதையும் அண்மையில் கண்டோம். கொரோனா நோயால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. திண்ணையிலும் சாவடியிலும் மாலை வேளையில் வகுப்புகள் நடந்தன. சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள். அது பிள்ளைகளுக்கான திட்டம். ஆனால் பிள்ளையை அழைத்துப் போக வந்த தாய்மார் அங்கேயே சற்று நின்று, பாட்டைக் கேட்டு, படத்தைப் பார்த்து, பலகையில் இருந்த எழுத்தை வாய்க்குள் கூட்டிப் பார்த்துவிட்டுப் போவதுண்டு. அந்தத் தாய்க்கு உட்கார ஒரு பாய் போட யாரும் எண்ணவில்லை என்பதே நம் வருத்தம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இல் தனியே வந்தது. ஒரே தெருவில் பிள்ளைக்கு ஒரு திட்டம், தாய்க்கு ஒரு திட்டம். இரண்டையும் ஒரே பாயில் உட்கார வைக்க அரசாணை வேண்டுமா என்ன?

துருக்கி நாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சிடெம் கயித்சிபாஷி என்ற உளவியல் பேராசிரியை தம் குழுவினருடன் 1982இல் இஸ்தான்புல் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். தாய்மாருக்கு வீட்டிலும் குழுவிலுமாக இரண்டாண்டுகள் பயிற்சி தந்தார்கள். பிள்ளைகளுடன் என்ன பேசுவது, எப்படி விளையாடுவது, எப்படிக் கதை படிப்பது என்று. அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பின்னும் தேடிச் சென்று பார்த்தார்கள். பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் மற்றவரைவிட அதிக ஆண்டுகள் படிப்பில் நிலைத்திருந்தனர். பிள்ளைக்கு மட்டும் செலவிட்டால் பிள்ளையோடு நின்றுவிடும். தாய்க்குச் செலவிட்டால் அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கைக்கும் அது மிஞ்சும்.

இவ்வளவும் பேசும்போது, பெற்றோர் ஒன்றும் அறியாதவர் என்ற எண்ணம் நம் மனத்தில் நுழைந்துவிடக் கூடாது. கூடை மீனை எண்ணாமலே கூறு கட்டி, மீதிச் சில்லறையை மனக்கணக்கில் தரும் பெண்மணிக்கு நாம் கூட்டல் கற்பிக்கப் போகிறோமா? அவள் விரல் அறிந்த கணக்கை எண்ணால் எழுதக் காட்டுகிறோம், அவ்வளவே. கடலுக்குப் போகும் தந்தை வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி, எந்தக் காற்றில் வலை போடலாம், எதில் கூடாது என்று சொல்வார். நம் புவியியல் நூலில் அது கிடையாது. பாட்டி சொல்லும் விடுகதையும் தாலாட்டும் எந்த நூலகத்திலும் இல்லை. ஒவ்வொரு வகுப்பும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இவற்றைக் கேட்டு எழுதட்டும். தந்தை சொல்ல மகள் எழுத, மகள் எழுதியதைத் தாய் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். தானே சொன்ன செய்தி என்பதால் அடுத்த சொல் என்னவென்று அவளுக்குத் தெரியும், படிப்பது எளிதாகும். புதிதாகக் கற்றவர்க்கு நூல் இல்லை என்ற குறைக்கும் இது மருந்து. தந்தையருக்கு இதில் வேலை உண்டு என்பதும் நமக்கு முக்கியம். குடும்பம் என்று சொல்லிவிட்டுத் தாயின் தோளில் மட்டும் எல்லாவற்றையும் ஏற்றிவிடும் பழக்கம் நமக்கு நெடுநாளாக உண்டு.

தோழியரே, ஓர் எச்சரிக்கையும் உண்டு. தன் தாய்க்குத் தானே ஆசிரியையாவது பெரும்பாலும் நன்றாக முடிவதில்லை. மூன்றாம் நாளே “இதுகூடத் தெரியலையாம்மா?” என்று வாய் தவறி வந்துவிடும். அந்தத் தாய் மறுநாள் “அடுப்பில் வேலை இருக்கிறது” என்பாள். அதனால் எதிர்வீட்டு அத்தைக்கு நீ சொல்லிக்கொடு. உன் அம்மாவுக்கு அந்த வீட்டுப் பெண் சொல்லிக்கொடுக்கட்டும். பிறர் பிள்ளையிடம் பொறுமையாகவும், பிறர் தாயிடம் மரியாதையாகவும் இருப்பது நமக்கு இயல்பாகவே வரும். இப்படி மாற்றிக்கொண்டால் இரண்டு வீடு பேசிக்கொள்ளும். நாலு வீடு சேர்ந்தால் அது ஒரு மையம். அதற்குப் பெயர்ப்பலகை வேண்டியதில்லை.

செப்டம்பர் 8ஆம் நாள் அனைத்துலக எழுத்தறிவு நாள். யுனெஸ்கோ அதை 1966இல் அறிவித்தது. அன்று பள்ளிகள் தோறும் அட்டை ஏந்திப் பேரணி நடத்துகின்றன. நடத்தட்டும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பேரணி என்பதை யாராவது கவனித்தார்களா?

கடைசியாகப் பழைய மாணவியர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நாற்பது வயதைக் கடந்தோருக்கு அருகில் உள்ள எழுத்து மங்குவது இயற்கை. வகுப்புக்கு வரும் பெண்கள் “எனக்கு மண்டையில் ஏறவில்லை” என்று சொல்லி நின்றுவிடுவதற்குப் பல வேளைகளில் மண்டை காரணம் அன்று, கண்ணே காரணம். ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுபவளுக்கு அரிச்சுவடி எப்படித் தெரியும்? ஆகவே பலகைக்கும் சாக்கட்டிக்கும் முன்னதாக ஒரு கண் பரிசோதனை முகாமும், படிப்பதற்கான எளிய மூக்குக் கண்ணாடிகளும் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு விழா மேடையின் அலங்காரச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். எத்தனை கண்ணாடி தேவைப்படும் என்று தெருவாரியாகக் கணக்கெடுத்துத் தரும் பொறுப்பை மாணவியராகிய நாம் ஏற்றுக்கொள்கிறோம்.