பீடமற்ற நினைவு

நினைவுச் சின்னம் எனில் பீடமும் வெண்கலமும் வேண்டும் என்பார் பலர். உருவத்தை விடுத்துக் கருத்தையே முதலாகக் கொண்டு எழும் புதிய கலையைக் கண்டால், 'மேலைநாட்டார் பித்து' என ஒதுக்குவர். நம்மவரும் அவர்களோடு சேர்ந்து நகைப்பதுதான் நமக்கு வியப்பு.

அந்த வெண்கலம் யாருக்கு வாய்த்தது? 1857 இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கொன்று குவித்த தளபதி நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927 இல் அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் சிறை சென்றனர். 1937 இல்தான் அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. கொன்றவனுக்குப் பீடம், கொல்லப்பட்டோருக்கு?

மும்பைக் கலவரத்தில் தெருவோரம் பிணமாய்க் கிடந்த, பெயரறியாத ஒருவரின் செய்தித்தாள் படத்தைக் கொண்டு 1993 இல் விவான் சுந்தரம் 'மெமோரியல்' என்னும் படைப்பை ஆக்கினார். அப்படத்தின் பிரதிகள்மேல் ஆணிகளை அறைந்தார். பிழைக்கப் போவோர் சுமக்கும் தகரப் பெட்டிகளை அடுக்கி வாயில் எழுப்பினார். மன்னர்க்கும் தளபதிக்கும் எழும் தோரண வாயில், கேட்பாரற்றுக் கிடந்த ஒருவருக்கு! அது கண்காட்சிக் கூடத்தில் நின்றதேயன்றித் தெருவில் நிற்கவில்லை என்பீர், அக்குறை தெருவினுடையது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சார்ந்த ஹார்பர்கில், யோகென் கெர்ட்ஸும் எஸ்தர் ஷாலெவ் கெர்ட்ஸும் 1986 இல் 12 மீட்டர் தூண் ஒன்றை நாட்டினர். பாசிசத்தை எதிர்ப்போர் அதன் ஈயத் தகட்டில் தம் பெயரைப் பொறிக்கலாம். பெயர்கள் நிரம்ப நிரம்பத் தூணை மண்ணுள் இறக்கினர். 1993 இல் அது முற்றும் அமிழ்ந்தது. அநீதியை எதிர்த்து நிற்க வேண்டியவன் மனிதனே, தூண் அன்று என்பது கருத்து. மண்ணோடு மண்ணாகும் கபுறுகளுக்கு ஸலாம் கூறிக் கடக்கும் நமக்கா இது விளங்காத புதிர்?

நகைப்புக்குரியது வேறு இருக்கிறது. பள்ளிவாசலுக்கு மின்விசிறி ஒன்று வழங்கினால் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதுகிறோம். அது சுழலும்போது எவரும் படிக்க இயலாது. நிற்கும்போது எவருக்கும் காற்றில்லை.

நாம் வாழும் வேலப்பன்சாவடியை நோக்குங்கள். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வழிப்போக்கர் இளைப்பாறிய சாவடியை அப்பெயர் சொல்கிறது. வேலப்பனின் முகத்தை நாம் எங்கும் கண்டதில்லை. பேருந்து நடத்துனர் மட்டும் நாள்தோறும் அவர் பெயரை உரக்கக் கூவுகிறார்.