சுழல் மின்னோட்டம் வீண்தானா?

இயற்பியல் மாணவர் எவரிடமேனும் சுழல் மின்னோட்டம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "மின்மாற்றியின் உள்ளகம் சூடேறும், ஆற்றல் வீணாகும், அதைக் குறைக்கத் தகடு தகடாக அடுக்குவர்" என்று ஒரே மூச்சில் ஒப்புவித்து விடுவார். ஐந்து மதிப்பெண் உறுதி! ஆனால், அந்த 'வீண்' மின்னோட்டமே விமானத்தின் உடலில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டிக் கொடுக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

என் தாயார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். எனினும் காருக்குறிச்சிப் பானையைச் சுண்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். பொருளை உடைக்காமலே உள்ளிருக்கும் குறையை அறிவதுதான் இக்கலையும். மாறுதிசை மின்னோட்டம் பாயும் சிறு கம்பிச்சுருளை அலுமினியத் தகட்டின் அருகே கொண்டு சென்றால், தகட்டில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படும். விரிசல் குறுக்கிட்டால், குறுக்குத்துறைக் கோயிலைச் சுற்றிக்கொண்டு ஓடும் தாமிரபரணியைப் போல அது வளைந்து செல்லும். உடனே சுருளின் மின்எதிர்ப்பு மாறும். திரையில் புள்ளி நகரும். வண்ணப்பூச்சைச் சுரண்ட வேண்டியதில்லை. அதிர்வெண் கூடக்கூட ஆழம் குறையும். தூய அலுமினியத்தில் 1,000 ஹெர்ட்சில் ஏறத்தாழ 2.6 மி.மீ.; 1,00,000 ஹெர்ட்சில் 0.26 மி.மீ. மட்டுமே. ஆகவே மேற்பரப்பு விரிசலைத் தேட உயர் அதிர்வெண்ணே ஏற்றது.

இவ்வளவு எளிதா என்று எண்ணிவிட வேண்டா. கை சற்றுச் சாய்ந்து சுருள் விலகினாலும் புள்ளி நகரும். பரப்புக்கு இணையாக உள்ளே கிடக்கும் பிளவோ எளிதில் சிக்காது. ஆதலால், அளவறிந்து கீறிய மாதிரித் தகட்டில் கருவியை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் பறக்கும்போதே கூரை பிய்ந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஏறத்தாழ 90,000 முறை பறந்த விமானம் அது. தகடுகளின் பசை விட்டுப் போனதையும் ஆணித்துளைகளருகே தோன்றிய களைப்பு விரிசல்களையும் பராமரிப்பில் கண்டுபிடிக்கத் தவறியதே காரணம் என்றது விசாரணை அறிக்கை. கருவிகள் அன்றும் இருந்தன. இரவெல்லாம் ஆணி ஆணியாகச் சலிக்காமல் பார்ப்பது மனிதர் வேலை அல்லவா!

இதனைப் பொறியாளர்களின் சொத்து என்று நாம் ஒதுங்குவது எனக்கு உடன்பாடன்று. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகக் குழாய்களைச் சோதிக்கும் ஆய்வில் இம்முறைக்குத் தனி இடமுண்டு. அழிவிலாச் சோதனைக்கான இந்தியச் சங்கம் சென்னையிலேயே இருக்கிறது. இத்தொழிலில் மூன்று நிலைச் சான்றிதழ்களும் உள்ளன. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் என்போன்றோர்க்கு இவ்வழியைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அதிக செலவில்லை. ஓர் அலுமினியத் தகடு, அதில் வாள் கொண்டு இழுத்த ஒரு கீறல், ஒரு கம்பிச்சுருள், அலையியற்றி, அலைநோக்கி. வரும் பருவத்துச் செய்முறை வகுப்பில் ஒரு பிற்பகலை இதற்குத் தாருங்கள். சுருள் சுற்றும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், பி.எஸ்ஸி. இயற்பியல்