இன்னொரு கிந்தனார் வேண்டும்

1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் ஒரு கதாகாலட்சேபம் செய்வார். பெயர் 'கிந்தனார்'. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தைச் சொல்லி ஊர் ஊராக அழவைத்த பாகவதர்களின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, உடுமலை நாராயணகவியின் பாட்டுகளோடு, கதையை மட்டும் மாற்றிவிட்டார். நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. கிந்தனுக்குப் படிக்க ஆசை. நந்தன் தீயில் இறங்கி மறைந்தான். கிந்தனோ பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகித் தன்னை அடித்த வாத்தியார் முன்னால் வந்து நிற்கிறான்.

பாடகர் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படங்களைப் பற்றி இந்த இதழில் பேச நினைத்ததும் முதலில் நினைவுக்கு வந்தது கிந்தனார்தான். இன்று 'பயோபிக்' என்கிறோமே, அதன் இடத்தில் அன்று இருந்தவை பாடும் அடியார்களின் கதைகள். 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் ஊதியத்துக்கு ஆண் வேடம் போட்டு நந்தனாராக நடித்தார். 1942-ல் தண்டபாணி தேசிகர் அதே வேடத்தில் வந்தார். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1945-ல் மீராவானார். அடுத்த ஆண்டு நாகையா தெலுங்கில் தியாகய்யரானார். பக்தி, பாட்டு, ஊராரின் ஏச்சு, சோதனை, முடிவில் இறைவனோடு கலத்தல் என்று தடம் நன்றாகப் பதிந்துவிட்டிருந்தது. அந்தத் தடத்தின் மேலேயே நடந்துபோய் வேறு ஊரில் இறங்கினார் கலைவாணர். இத்தனைக்கும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு 1944-ல் கைதாகி, 1947-ல் விடுதலையாகி வெளியே வந்தவர் அவர். தன் துயரத்தையே கதையாக்கியிருந்தால் தமிழ்நாடே அழுதிருக்கும். அவரோ, படிக்க ஆசைப்பட்ட ஒரு சேரிப் பையனின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

அமெரிக்காவில் இதே காரியத்தை 2007-ல் 'வாக் ஹார்ட்' என்ற படம் செய்தது. ஜேக் காஸ்டன் இயக்கினார். டூயி காக்ஸ் என்ற கற்பனைப் பாடகராக ஜான் சி. ரெய்லி நடித்துத் தானே பாடினார். 'ரே', 'வாக் த லைன்' ஆகிய இரண்டு பாடகர் வாழ்க்கைப் படங்களும் பெரும் புகழ் பெற்றிருந்த நேரம் அது. சிறு வயதில் அண்ணன் சாவு, மன்னிக்காத அப்பா, அழுகிற மனைவி, போதை, மீட்சி, கடைசிக் கச்சேரி என்ற அவற்றின் வரிசையை 'வாக் ஹார்ட்' எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரு சுற்று அதிகமாகத் திருகியது. விளையாட்டாக வெட்டுக்கத்தியை வீசும்போது அண்ணன் இரண்டு துண்டாகிறான். அந்த அதிர்ச்சியில் தம்பிக்கு மூக்கின் மோப்ப உணர்வு போய்விடுகிறது. மேடையேறும் முன் தன் வாழ்க்கை முழுவதையும் நினைத்துப் பார்த்தாக வேண்டும் என்பதற்காக அரங்கமே காத்திருக்கிறது. யாராவது ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அடுத்த நொடியில் அது பாட்டாகிவிடுகிறது. படத்தின் பாட்டுகளை உண்மையான அக்கறையோடு செய்திருந்தார்கள். தனியாகக் கேட்டாலும் நிற்கும். ஆனால் படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை. கேலி செய்யப்பட்ட முறைக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2018-ல் 'பொஹீமியன் ராப்சடி' அதே வரிசையில் வந்து நான்கு ஆஸ்கர் வாங்கியது. 1985 கச்சேரியை உருக்கமாக்குவதற்காக, பாடகர் பிரெடி மெர்குரிக்கு நோய் தெரியவந்த காலத்தையே அதற்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

இது எங்களுக்குத் தூரத்துச் செய்தியாக இல்லை. உசிலம்பட்டி வழியாக மேற்கே போகும் தேனிச் சாலையில் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கில் நுழைந்தால் இசையமைப்பாளர் இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரம் வரும். அவரது வாழ்க்கை படமாகிறது, தனுஷ் நடிக்கிறார், அருண் மாதேஸ்வரன் இயக்குகிறார் என்று 2024 மார்ச்சில் சென்னையில் விழா எடுத்து அறிவித்தார்கள். நல்ல கலைஞர்கள். அவர்கள் மேல் நமக்கு எந்த ஐயமும் இல்லை. நம் பயம் அந்தத் தடத்தைப் பற்றியது. 'அன்னக்கிளி' ஒலிப்பதிவில் கரண்ட் போன கதை வரும். ஒரு குருவி கத்தும், ஒரு ரயில் கூவும், உடனே ஆர்மோனியத்தில் விரல் விழும். திரையரங்கு கைதட்டும்.

வராமல் போகக்கூடியது எது? இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசனின் குழு. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில், தேர்தல் கூட்டங்களில், கோவில் திடல்களில், விடிய விடிய அண்ணன் பாட, தம்பிமார் வாசித்த ஆண்டுகள். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து போகும், எதற்கு உட்காரும் என்று அந்தச் சிறுவன் கற்ற பள்ளிக்கூடம் அது. சென்னைக்குப் போன பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையெழுத்தைப் பயின்றது, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் படம் படமாக உழைத்தது எல்லாம் மெதுவாக நடந்தவை. 1976-ல் வந்த 'அன்னக்கிளி'க்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. உழைப்பைக் காட்டத் திரைக்கதைக்குப் பொறுமை கிடையாது. மின்னல் வெட்டினால் போதும் அதற்கு. சாதியையும் அது வறுமை என்று பெயர் மாற்றிக் கடந்துவிடும். நந்தனாரை உருக்கத்தில் கரைத்தார்களே, அதே வேலை.

வாழ்க்கை ஒரு சட்டகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று எங்கள் உசிலம்பட்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1986-ல் 'இந்தியா டுடே' இங்கே நடந்த பெண் சிசுக்கொலைகளை எழுதியது. எழுத வேண்டிய செய்திதான். 1994-ல் பாரதிராஜா அதையே கருவாக வைத்து 'கருத்தம்மா' எடுத்தார். அந்தப் படத்தில் பாடியதற்காக சொர்ணலதா தேசிய விருது பெற்றார். அந்தக் குரலை இன்று கேட்டாலும் நெஞ்சு நடுங்குகிறது. அதற்குப் பிறகு கள்ளிப்பால் என்பது தமிழ் சினிமாவில் வெறும் தொடக்கக் காட்சியாகத் தேய்ந்துபோனது. 2010 ஜனவரியில் வெளியான 'தமிழ்ப்படம்' என்ற கேலிப்படத்தில் இயக்குநர் சி.எஸ். அமுதன் சினிமாபட்டி என்றொரு ஊரை வைத்தார். அங்கே ஆண் குழந்தைகளைக் கொல்கிறார்கள். சாகப்போகும் குழந்தை தன்னைச் சரக்கு ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பும்படி கெஞ்சுகிறது, பெரிய நாயகனாக வளர்வதற்காக.

அந்தக் காட்சிக்கு இங்குள்ளவர்கள் சிரிக்கலாமா என்று கேட்கலாம். நாங்கள் சிரித்தோம், இன்றும் அதை நியாயம் என்றே நினைக்கிறோம். அந்தக் கேலி இறந்துபோன பெண் சிசுக்களைத் தொடவில்லை. அவர்கள் சாவை நாயகனின் பிறப்புக்குப் பீடமாக வைக்கத் துணிந்த சினிமாவின் கன்னத்தில்தான் அது விழுந்தது. அதே படத்தில் நாயகன் ஒரே இரவில் பரதநாட்டியம் கற்றுக்கொண்டு ஆடுவான். தமிழில் கலைஞர்களைப் பற்றி எடுத்த படங்களுக்கு இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நாங்கள் படித்ததில்லை.

அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தும் பாட்டியாக நடித்தவர் பரவை முனியம்மா. மதுரைக்குப் பக்கத்துப் பரவைக்காரர். 2003-ல் 'தூள்' படத்தில் பாடி நடித்த பிறகு உலகம் அவரைப் பார்த்தது. அதற்கு முன்பே பல்லாண்டுகள் நாட்டுப்புறப் பாட்டுப் பாடி மேடை மேடையாக ஏறியவர். 2020 மார்ச்சில் மறைந்தார். இவரைப் பற்றி யாராவது படம் எடுத்தால் வயல், நடவு, ஏழ்மை, ஒரு சினிமாக்காரரின் கண்ணில் படுதல், புகழ் என்று ஐந்து காட்சியில் முடித்துவிடுவார்கள். அவர் பாட்டுகளை யாரிடம் கேட்டுப் படித்தார், திருவிழா மேடையில் விடியும்வரை தொண்டையை எப்படிக் காத்தார், நையாண்டி மேளக்காரர்களோடு சுருதி எப்படிச் சேர்த்தார், வீட்டு வேலைக்கும் கச்சேரிக்கும் நடுவே எப்போது தூங்கினார்? இவைதாம் ஒரு பாடகியின் வாழ்க்கை.

எனவேதான் கேலிப்படம் கேட்கிறோம். இசையமைப்பாளர், பாடகர் வாழ்க்கைப் படங்கள் வரிசையாக வரப்போகும் காலத்தில், அவற்றுக்கு முன்னாலேயே ஒரு கிந்தனார் வந்துவிட வேண்டும். அதை எடுப்பவருக்குச் சுருதி தெரிந்திருக்க வேண்டும். கதாகாலட்சேப பாகவதர் மாதிரியே பாடத் தெரிந்ததால்தான் கலைவாணரால் பாகவதரை மாற்றிப் பாட முடிந்தது. இசையின் மேல் தீராத காதல் இருக்க வேண்டும். எந்த இசைக்காரரையும் சிறுமைப்படுத்தக் கூடாது. மின்னல் வெட்டும் காட்சியைப் பார்த்ததும் அரங்கம் சிரித்துவிட்டால், அடுத்து எழுதுகிறவர் அந்த இடத்தில் வேறொன்றைத் தேடியாக வேண்டும். அப்போது தன்ராஜ் மாஸ்டரின் அறைக்கு வழி திறக்கும்.

அதுவரை இதழால் ஆகக்கூடிய வேலையைத் தொடங்குகிறோம். அடுத்த இதழ் முதல் உசிலம்பட்டி, செக்கானூரணி, ஆண்டிபட்டி, சோழவந்தான் வட்டாரத்து நாதசுரக்காரர்கள், தவில்காரர்கள், பறை வாசிப்பவர்கள், கரகாட்டக் குழுவில் பாடியவர்கள் ஆகியோரின் நேர்காணல்களை அவர்கள் பேச்சிலேயே வெளியிடுகிறோம். யாரிடம் கற்றார்கள், ஒரு திருவிழாவுக்கு என்ன கூலி, எந்தத் தெருவில் நின்று வாசிக்கச் சொன்னார்கள், எந்தத் தெருவுக்குள் விடவில்லை என்பதையெல்லாம் கேட்கப்போகிறோம். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். வயதானவர்களை முதலில் கேட்க வேண்டும்.