பாஸ் எப்போதும் பின்னால்தான்! - கேப்டன் கெவின் சின்ஃபீல்டின் கதை

நீங்கள்தான் கேப்டன் என்று வைத்துக்கொள்வோம். வயது 22. பொறுப்புக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இன்று ஃபைனல். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள்தான். உங்கள் அணி 20 புள்ளி, எதிரணி 22. இந்த நேரத்தில் நடுவர் உங்களுக்கு ஒரு பெனால்டி கொடுக்கிறார். பந்தை கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 2 புள்ளி, ஆட்டம் சமன். உதைக்காமல் பந்தோடு ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி 'டிரை' வைத்தால் 4 புள்ளி, கோப்பையே உங்களுக்கு.

நீங்கள் என்ன செய்வீர்கள்?

2003 ஏப்ரல் மாதம், கார்டிஃப் நகர மைதானத்தில் இந்தக் கேள்வி கெவின் சின்ஃபீல்டு முன்னால் வந்து நின்றது. இங்கிலாந்தின் லீட்ஸ் ரைனோஸ் அணியின் புது கேப்டன் அவர். உதைப்பதில் கில்லாடி. ஆனாலும் ஓடுவது என்று முடிவெடுத்தார். டிரை கிடைக்கவில்லை. சேலஞ்ச் கோப்பையை பிராட்ஃபோர்டு புல்ஸ் அணி தூக்கிக்கொண்டு போனது. 'பேசாமல் உதைத்திருக்கலாமே' என்ற பேச்சு மட்டும் சின்ஃபீல்டோடு வீடு வரை வந்தது.

அதே சின்ஃபீல்டு பிறகு கோப்பைகளாக அள்ளினார், இங்கிலாந்து தேசிய அணிக்கே கோச் ஆனார். ஆனால், இன்று உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது கோப்பைக்காக இல்லை. ஒரு நண்பனுக்காக!

அது என்ன ரக்பி லீக்?

ரக்பியில் இரண்டு வகை உண்டு. உலகக் கோப்பை என்றதும் டி.வி-யில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ரக்பி யூனியன், அணிக்கு 15 பேர். இன்னொன்று ரக்பி லீக், 13 பேர். இந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒரு கூலித் தகராறு இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ஆட்டக்காரர்கள் பலரும் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். மேட்சுக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். 'அந்தக் கூலியை ஈடுகட்ட வேண்டும்' என்று வடக்கு கிளப்கள் கேட்டன. 'காசுக்கு ஆடுவதா?' என்று சங்கம் மறுத்தது. 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டு நகர ஹோட்டல் ஒன்றில் கூடிய வடக்கு கிளப்கள் தனியாகப் பிரிந்தன. அப்படிப் பிறந்ததுதான் ரக்பி லீக். உழைக்கும் ஊர்களின் ஆட்டம்.

நம் கபடி ரசிகர்களுக்கு இதன் அழகு சட்டென்று பிடிபடும். பந்தோடு ஓடி வருபவரை மடக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு அணி ஆறு முறை பிடிபட்டுவிட்டால் பந்து அடுத்த அணிக்கு. ஒவ்வொரு பிடிக்கும் பிறகு, தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி, வரிசை கட்டி, மறுபடி முன்னேற வேண்டும். 80 நிமிடங்களுக்கும் இதே கதைதான். வரிசையில் ஒருவர் பிந்தினாலும் ஓட்டை விழுந்துவிடும்.

இரண்டு ரக்பிக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. கையால் பந்தை முன்னால் எறியக் கூடாது. பாஸ் பின்னால்தான். நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி, மாட்டிக்கொள்ளும் நேரத்தில் பந்தை வாங்கிக்கொள்ள உங்களுக்குப் பின்னால் ஒருவர் ஓடி வந்துகொண்டிருக்க வேண்டும். இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்றவர் ஜெயித்த கதை

சின்ஃபீல்டு 1980-ல் ஓல்டாமில் பிறந்தவர். 16 வயதில் லீட்ஸ் சீனியர் அணியில் இறங்கினார். 2003-ல் அந்தத் தோல்வி. மறு ஆண்டே அதே பிராட்ஃபோர்டை வீழ்த்தி, 32 ஆண்டுகளுக்குப் பிறகு லீட்ஸ் சாம்பியன் ஆனது. கேப்டனாக மொத்தம் 7 முறை சூப்பர் லீக் பட்டம். ஆட்ட வாழ்க்கையில் 4,000 புள்ளிகளுக்கும் மேல்.

ஆனால், சேலஞ்ச் கோப்பை மட்டும் கைக்கு எட்டாமலே இருந்தது. 2003, 2005, 2010, 2011, 2012 என்று ஐந்து ஃபைனல்கள், ஐந்திலும் தோல்வி. ஒவ்வொரு முறையும் அடுத்தவர் கோப்பை வாங்குவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்தார். 2014-ல் வெம்ப்ளியில் காஸில்ஃபோர்டை வென்று ஒருவழியாக அந்தக் கோப்பையையும் தூக்கினார். 2015-ல் அவருடைய கடைசி லீக் ஆட்டம், விகன் அணிக்கு எதிரான கிராண்ட் ஃபைனல். லீட்ஸ் வென்றது. ஸ்கோர் என்ன தெரியுமா? 22-20. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவரை அழவைத்த அதே ஸ்கோர், இந்த முறை அவர் பக்கம்!

அந்த அணியில் 7-ம் நம்பர் ஜெர்சியில் துள்ளித் திரிந்தவர் ராப் பரோ. உயரம் 5 அடி 5 அங்குலம்தான். சூப்பர் லீகிலேயே சின்ன உருவம். மலை மாதிரி நிற்பவர்களின் கைக்கு அடியில் புகுந்து ஓடிவிடுவார். 2011 கிராண்ட் ஃபைனலில் செயின்ட் ஹெலன்ஸ் அணியை ஏமாற்றி அவர் தனியாக ஓடி வைத்த டிரையை யூடியூபில் தேடிப் பாருங்கள், ஒரு முறையோடு நிறுத்த மாட்டீர்கள். எட்டு பட்டங்களை வென்று 2017-ல் ஓய்வுபெற்றார்.

2019 டிசம்பர். பரோவுக்கு 37 வயது. மோட்டார் நியூரான் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். வீட்டில் மனைவி லிண்ட்சி, மூன்று சின்னக் குழந்தைகள்.

ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்த நோய் என்றால் உங்களுக்குப் புரியும். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. பெரும்பாலானவர்களுக்கு அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை. ஹாக்கிங் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது அபூர்வம். பலருக்கும் சில ஆண்டுகள்தான்.

ஓட ஆரம்பித்த கேப்டன்

அப்போது சின்ஃபீல்டு, லீட்ஸ் கிளப்பின் ரக்பி இயக்குநர். 2018-ல் கிளப் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர். 2020 அக்டோபரில், கொரோனா காலம் என்பதால் ரசிகர்களே இல்லாத வெம்ப்ளியில், லீட்ஸ் 17-16 என்று ஒரே புள்ளியில் சேலஞ்ச் கோப்பையை வென்றது.

அடுத்த சில வாரங்களில் அவர் ஓட ஆரம்பித்தார். பரோவின் ஜெர்சி எண் 7. அதனால் 7 நாளில் 7 மாரத்தான். ஒரு மாரத்தான் என்பது 42 கிலோமீட்டருக்கும் மேல்! இலக்கு 77,777 பவுண்டு. வந்து சேர்ந்ததோ 20 லட்சம் பவுண்டுக்கும் மேல்.

2021-ல் லெஸ்டர் டைகர்ஸ் என்ற யூனியன் அணிக்கு டிஃபென்ஸ் கோச்சாகப் போனார். லீக் ஆட்டக்காரருக்கு யூனியனில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த 10 மீட்டர் பின்வாங்கி வரிசை கட்டும் பழக்கம்தான் காரணம். ஆயுள் முழுக்கத் தடுப்பு வரிசையிலேயே நின்று பழகியவர்களை யூனியன் அணிகள் தேடி அழைக்கின்றன. இன்று அயர்லாந்து அணியின் தலைமை கோச்சாக இருக்கும் ஆண்டி ஃபாரலும் விகன் லீக் அணியின் கேப்டனாக இருந்தவரே. சின்ஃபீல்டு வந்த முதல் சீசனிலேயே லெஸ்டர், சரசன்ஸ் அணியை 15-12 என்று வென்று சாம்பியன் ஆனது.

ஓட்டமும் நிற்கவில்லை. 2021 நவம்பரில் லெஸ்டர் மைதானத்திலிருந்து லீட்ஸின் ஹெடிங்லி மைதானம் வரை 101 மைல், சுமார் 24 மணி நேரத்தில். கோச்சாக இருக்கும் மைதானத்தில் கிளம்பி, கேப்டனாக இருந்த மைதானத்தில் முடித்தார். 2022-ல் எடின்பரோவிலிருந்து மான்செஸ்டருக்கு ஏழு நாள் ஓட்டம்.

53 புள்ளிகள்

2022 டிசம்பரில், லெஸ்டர் தலைமை கோச் ஸ்டீவ் போர்த்விக் இங்கிலாந்து அணிக்குப் பொறுப்பேற்றார். டிஃபென்ஸ் கோச்சாக சின்ஃபீல்டும் அவரோடு போனார். 2023 மார்ச் 11-ம் தேதி, லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானம். பிரான்ஸ் 53, இங்கிலாந்து 10. சொந்த மண்ணில் இங்கிலாந்து அவ்வளவு மோசமாகத் தோற்றதே இல்லை. எதிரணியின் டிஃபென்ஸ் கோச் ஷான் எட்வர்ட்ஸும் ரக்பி லீகிலிருந்து வந்தவர்தான் என்பது கூடுதல் வலி. தடுப்பைச் சொல்லிக்கொடுப்பவருக்கு 53 புள்ளிகள் என்பது, கணக்கு வாத்தியாரின் வகுப்பில் எல்லோரும் கணக்கில் ஃபெயில் ஆன மாதிரி.

இரண்டு மாதம் கழித்து, மே 14. லீட்ஸில் ராப் பரோவின் பெயரிலேயே ஒரு மாரத்தான். பரோ அப்போது பேச முடியாத நிலை. கண் அசைவைப் படிக்கும் கணினி வழியாகத்தான் உரையாடுவார். அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, 42 கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே ஓடினார் சின்ஃபீல்டு. ஹெடிங்லியில் முடிவுக்கோடு கண் முன்னே. சின்ஃபீல்டு நின்றார். பரோவை அப்படியே இரு கைகளாலும் தூக்கினார். சுமந்துகொண்டே கோட்டைத் தாண்டி, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார்.

அந்த வீடியோவை உங்கள் ஃபேமிலி குரூப்பில்கூட யாராவது அனுப்பியிருக்கலாம். பலரும் அதை மட்டும்தான் பார்த்திருப்போம். மார்ச்சில் 53 புள்ளிகள் வாங்கிய கோச் அவர் என்பதும், அந்த வாரங்களில் அவர்மீது எவ்வளவு விமர்சனம் இருந்திருக்கும் என்பதும் அந்தச் சில நொடி வீடியோவில் தெரியாது.

செப்டம்பரில் உலகக் கோப்பை. மார்சேய் நகரில் அர்ஜென்டினாவுடன் முதல் ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் டாம் கரி வெளியே அனுப்பப்பட்டார். அது சிவப்பு அட்டையாகவும் மாறியது. மீதி ஆட்டம் முழுக்க ஓர் ஆள் குறைவு. 53 புள்ளிகள் விட்ட அதே அணி, கடைசி நிமிடங்கள் வரை ஒரு டிரைகூட விடவில்லை. ஜார்ஜ் ஃபோர்டு உதைத்தே எடுத்த 27 புள்ளிகளோடு 27-10 என்று ஜெயித்தது. அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் ஒரே புள்ளியில் தோற்று, மூன்றாம் இடத்தோடு ஊர் திரும்பியது. 2024-ல் தடுப்புப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. சின்ஃபீல்டு அணியை விட்டுப் போகவில்லை. திறன், உதைப் பயிற்சிகளைக் கவனிக்க ஆரம்பித்தார். 2003-ல் உதைக்காமல் விட்டதற்காகப் பேச்சு வாங்கியவர், இங்கிலாந்துக்கே உதைக்கச் சொல்லிக்கொடுத்தார்!

ஐந்தாவது வருடம்

2024 ஜூன் 2. ராப் பரோ காலமானார். வயது 41. மறுநாள், லீட்ஸ் சீக்ராஃப்ட் மருத்துவமனையில் அவர் பெயரிலான மோட்டார் நியூரான் நோய் மையத்துக்கான கட்டுமானப் பணி தொடங்கியது. அந்தச் செங்கற்களில் சின்ஃபீல்டின் ஓட்டங்கள் கொண்டுவந்த பணமும் இருக்கிறது.

நண்பன் போய்விட்டான். இனி ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால், அந்த டிசம்பரிலும் அவர் ஓடினார். தொடர்ந்து ஐந்தாவது வருடம். திரட்டிய மொத்தப் பணம் 1 கோடி பவுண்டைத் தாண்டியது. நம் ரூபாயில் 100 கோடிக்கும் மேல்.

இதை எழுதும்போது எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. யாராவது படுத்த படுக்கையாகிவிட்டால் முதல் மாதம் வீடு கொள்ளாத கூட்டம் வரும். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஆளுக்கொரு ஆறுதல். ஆறு மாதத்தில் கூட்டம் பாதியாகும். ஒரு வருடம் கழித்து, அந்த வீட்டு வாசலில் வீட்டு ஆட்களின் செருப்பு மட்டும்தான் கிடக்கும். யாரையும் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் வேலை இருக்கிறது. நானும் அப்படிப் போகாமல் விட்ட வீடுகள் உண்டு.

சின்ஃபீல்டால் அந்த நோயை ஜெயிக்க முடியவில்லை. யாராலும் முடியாது என்று அவருக்கும் முதல் நாளே தெரியும். ஆனால், பரோ மாட்டிக்கொண்ட நேரத்தில் பின்னால் ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார். முதல் வருடம் மட்டுமல்ல, ஐந்து வருடமும். கேப்டன் என்றாலும் கோச் என்றாலும் வேலை கடைசியில் அதுதான் போலிருக்கிறது.

நீங்கள் ரொம்ப நாளாகப் போகாத வீடு ஒன்று இருக்கிறதா? 42 கிலோமீட்டர் எல்லாம் ஓட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்!