வாரன்டிக்குப் பூட்டு போடாதீங்க!

"வெளியில கை வெச்சா வாரன்டி போயிடும் தம்பி!" அப்பா இ.எம்.ஐ. கட்டுற புது கார் பானட்டைத் திறந்தாலே இந்த டயலாக் வருதா? கொஞ்சம் பொறுங்க பாஸ்.

2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. காரணம், ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸை வெளி மார்க்கெட்டில் விடாமல் அடைத்து வைத்தது. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காகவே மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் கெட்டுப்போனதற்கு மட்டும் மறுக்கலாம் என்றும் சொன்னது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அப்பீல், கோர்ட் என்று கேஸ் நீண்டது. அதனால ஆர்டரைக் காட்டி சவுண்டு விடறதைவிட, ஆதாரம் சேர்க்கறதுதான் புத்திசாலித்தனம்.

டயருக்குக் காத்து, வைப்பர் பிளேடு, வாஷர் தண்ணி, ஏர் ஃபில்டர் தூசு (பழனி ரோட்டுப் புழுதி சும்மாவா?)... இதெல்லாம் நீங்களே பார்த்துக்கலாம். ஆயில் மாத்தறதுக்கு முன்னாடி வாரன்டி புக்கைப் படிங்க. மேனுவல் சொன்ன கிரேடுதான் ஊத்தணும். பில், தேதி, கிலோமீட்டர் மூணையும் குறிச்சு வைங்க. ஃப்ரீ சர்வீஸை மட்டும் தவறவிடவே கூடாது. ஹாரனுக்கும் எல்.இ.டி.க்கும் ஒயரை வெட்டினீங்க... எலெக்ட்ரிகல் வாரன்டிக்கு நீங்களே திண்டுக்கல் பூட்டு போட்ட மாதிரிதான்!

எல்லாம் சரியா இருந்தும் மறுக்கறாங்களா? காரணத்தை எழுதிக் கேளுங்க. 1915-க்கு போன் போடுங்க. 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

பில் இல்லாத சர்வீஸ், ஹால் டிக்கெட் இல்லாத எக்ஸாம் மாதிரி. படிச்சது எல்லாம் வேஸ்ட்!